டெரசீன்: பெயர் எழுதிய ஓவியங்கள்

செக் நாட்டுத் தலைநகர் பிராகின் ஹோலெஷோவிட்செ நிலையத்தில் பேருந்து ஏறினால் ஒரு மணி நேரத்தில் டெரசீன் வந்துவிடுகிறது. சதுக்கம், வரிசையாக மரங்கள், தேவாலயம், சன்னல்களில் திரைச்சீலைகள். இன்றும் மக்கள் குடியிருக்கும் ஊர் இது. பதினெட்டாம் நூற்றாண்டில் இதைக் கோட்டை நகரமாகக் கட்டியதால் சுற்றிலும் மதில் தயாராக இருந்தது. 1941 நவம்பரில் நாஜிகள் இதை யூதர்களை அடைத்துவைக்கும் இடமாக, அதாவது கெட்டோவாக, ஆக்கினார்கள். முன்பு ஏழாயிரம் பேர் வாழ்ந்த இடத்தில் 1942 செப்டம்பரில் 58,000 பேர் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தார்கள். பசியிலும் நோயிலும் சுமார் 33,000 பேர் இங்கேயே இறந்தார்கள். 88,000 பேர் வரை கிழக்கே ஆஷ்விட்ஸ் முதலான கொலைமுகாம்களுக்கு ரயிலேற்றப்பட்டார்கள்.

நான் இங்கே வரக் காரணம் ஓர் ஓவிய ஆசிரியை. ஃப்ரீடல் டிக்கர்-பிராண்டைஸ் வியன்னாவில் பிறந்தவர், ஜெர்மனியின் வைமார் நகரில் பௌஹவுஸ் என்ற கலை வடிவமைப்புப் பள்ளியில் படித்தவர். 1942 டிசம்பரில் அவரை இங்கே கொண்டுவந்தார்கள். குழந்தைகளுக்குப் பாடம் நடத்துவதற்குத் தடை இருந்தது. ஆனால் படம் வரைவதற்கு அனுமதி உண்டு. அந்த இடைவெளி அவருக்குப் போதுமானதாக இருந்தது. அலுவலகத்தில் எழுதித் தள்ளிய பழைய படிவங்களின் பின்பக்கம்தான் வரைதாள். சில குழந்தைகள் மூன்றடுக்குக் கட்டிலையும் சாப்பாட்டு வரிசையையும் வரைந்தார்கள். நிறையப் பேர் வரைந்தது வீட்டையும் புல்வெளியையும் பட்டாம்பூச்சியையும்தான்.

அவர் வைத்த ஒரு வழக்கம் எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிதாகத் தெரிகிறது. வரைந்த படத்தில் ஒவ்வொரு குழந்தையும் தன் பெயரை எழுத வேண்டும். இந்த ஊருக்குள் வந்தவர்களுக்கு ரயிலை வைத்து ஓர் எண் தரப்பட்டது. அதே எண்ணுக்குரிய குழந்தை வகுப்பில் உட்கார்ந்து, இல்லாத ஒரு தோட்டத்தை வரைந்து, கீழே தன் பெயரை எழுதுகிறது. அது ஆறுதலுக்கான பொழுதுபோக்கு என்று மட்டும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அங்கே நடந்தது எதிர்ப்புதான்.

பழைய பள்ளிக்கூடம்தான் இப்போது கெட்டோ அருங்காட்சியகம். அன்று அது சிறுவர்கள் தங்கிய விடுதி. ஓர் அறைப் பையன்கள் 'வேடெம்' என்று ஒரு பத்திரிகை நடத்தினார்கள். ஒரே ஒரு பிரதிதான், வெள்ளிக்கிழமை தோறும் அறையில் சத்தமாக வாசிப்பார்கள். ஆசிரியர் பெட்ர் கின்ஸ் என்ற சிறுவன். நிலவில் நின்றுகொண்டு பூமியைப் பார்த்தால் எப்படி இருக்கும் என்று அவன் ஒரு படம் வரைந்தான். தெருவைத் தாண்ட முடியாத பையன்! அவனை 1944-இல் ஆஷ்விட்ஸில் கொன்றார்கள். வயது 16. அந்தப் படத்தின் நகலை இஸ்ரேலிய விண்வெளி வீரர் இலான் ரமோன் 2003-இல் கொலம்பியா விண்கலத்தில் எடுத்துச் சென்றார். விண்கலம் சிதறிய பிப்ரவரி 1, பெட்ரின் பிறந்தநாள்.

சரி, இந்தக் கலையால் யார் பிழைத்தார்கள் என்று கேட்கலாம். இசையமைப்பாளர் ஹான்ஸ் கிராசாவின் 'புருண்டிபார்' என்ற குழந்தைகள் ஓபரா (இசை நாடகம்) இங்கே 55 முறை மேடையேறியது. ஊரை மிரட்டும் ஒருவனைக் குழந்தைகள் ஒன்றுசேர்ந்து துரத்தும் கதை. பார்த்தவர்களுக்கு அந்த மிரட்டுபவன் யாரென்று சொல்லத் தேவையில்லை. 1944 ஜூனில் செஞ்சிலுவைச் சங்கத்தார் வந்தபோது நாஜிகள் ஊருக்கு வெள்ளையடித்து, இதே நாடகத்தையும் காட்டி ஏமாற்றினார்கள். நடித்த குழந்தைகளில் பெரும்பாலானோரை அந்த இலையுதிர்காலத்திலேயே ரயிலேற்றினார்கள். கிராசாவையும் ஃப்ரீடலையும் அக்டோபரில் கொன்றார்கள். கலை உயிர்களைக் காப்பாற்றியது என்று எழுதினால் அது இறந்தவர்களுக்குச் செய்யும் துரோகம். ஆனால் கொடுங்கோலன் அந்த நாடகத்தைத் தன் விளம்பரமாக்க முடிந்ததே தவிர, பாடிய குழந்தைகள் அதில் கண்ட அர்த்தத்தை அவனால் பிடுங்க முடியவில்லை.

ரயிலேறும் முன் ஃப்ரீடல் சுமார் 4,500 ஓவியங்களை இரண்டு பெட்டிகளில் விட்டுச் சென்றிருந்தார். போர் முடிந்ததும் அவை பிராக் போய்ச் சேர்ந்தன. இப்போது சிலவற்றை அங்கே பழைய யூதர் குடியிருப்பான யோசெஃபோவ் பகுதியின் பிங்காஸ் யூதத் தொழுகைக்கூட மாடியில் பார்க்கலாம். கீழே சுவர்களில், நாஜிகளால் உயிரிழந்த போஹிமியா, மொராவியா (செக் நாட்டுப் பகுதிகள்) யூதர்கள் ஏறக்குறைய 80,000 பேரின் பெயர்கள் கையால் எழுதப்பட்டிருக்கின்றன. மாடியில் ஒரு படத்தின் அடியில் கோணல்மாணலான பென்சில் கையெழுத்து. பக்கத்தில் அச்சிட்ட சீட்டில் பிறந்த தேதியும் இறந்த இடமும். அதைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது, அழுகை அல்ல.

போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். முதலில் டெரசீன், அப்புறம் பிங்காஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைகள் இருந்த அறைகளைப் பார்த்த பிறகு அந்தப் படங்களைப் பார்ப்பது வேறு. டெரசீனில் மக்தபுர்க் பாசறையைத் தவறவிடாதீர்கள், இசை, நாடகம், ஓவியம் பற்றிய காட்சிகள் அங்கேதான் உள்ளன. சனிக்கிழமைகளில் பிங்காஸ் மூடியிருக்கும்.