35 நிமிடம் நிறுத்தாமல்

டிப்ளமா தேர்வுக்கு இன்னும் ஐந்து வாரம்தான் இருக்கிறது. டிரினிட்டி காலேஜ் லண்டனின் ஏடிசிஎல், பியானோ ரெசைட்டல், அதாவது கச்சேரி மாதிரி தனியாக வாசித்துக் காட்டுவது. ஸ்கேல் என்கிற சுரவரிசை கிடையாது, முன்பின் பார்க்காத தாளை அங்கேயே வாசிக்கும் சைட் ரீடிங் கிடையாது, போய் வாசித்துவிட்டு வந்தால் போதும் என்று கேள்விப்பட்டபோது எட்டாம் கிரேடைவிட இது சுலபம் என்றே நினைத்துவிட்டேன். அந்த 'வாசித்துவிட்டு' என்பது 32 முதல் 38 நிமிடம் என்பது அப்போது உறைக்கவில்லை.

நான் வாசிக்கப்போவது பாஹின் டி மேஜர் பிரெலூடும் ஃபியூகும், பீத்தோவனின் பத்தெதிக் சொனாட்டா முழுதாக, ஷோப்பானின் டி ஃபிளாட் நாக்டர்ன் என்கிற இரவு இசை, கடைசியில் டெபுஸியின் முதல் அராபெஸ்க். பாஹில் முதலில் சி மைனர் சுருதியில் உள்ளதைத்தான் வைத்திருந்தேன், ஏற்கெனவே விரலுக்குப் பழகியது என்பதால். பியானோ சொல்லிக்கொடுக்கும் மிஸ் தாளைப் பார்த்துவிட்டு, "பத்தெதிக்கும் சி மைனர், இதுவும் சி மைனர், உட்கார்ந்து கேட்கிறவர் பாவம் இல்லையா?" என்றார். புதிதாக ஒரு ஃபியூக், அதுவும் நாலு குரல், அதாவது நாலு மெட்டு ஒன்றையொன்று துரத்திக்கொண்டு சேர்ந்து ஓடும். இரண்டு மாதம் போயிற்று.

எதை எந்த வரிசையில் வைக்கிறோம், நிகழ்ச்சிக் குறிப்பு எப்படி எழுதுகிறோம், மேடையில் எப்படி நடந்துகொள்கிறோம் என்பதற்கெல்லாம் சேர்த்து 100-க்கு 10 மதிப்பெண் உண்டு. தேற 60 வேண்டும் என்னும்போது அந்தப் பத்தை அலட்சியம் செய்ய முடியாது. குறிப்பு 400 முதல் 700 சொற்கள். பத்தெதிக் 1799-ல் வெளிவந்தது, லிக்னோவ்ஸ்கி இளவரசருக்குக் காணிக்கை என்று எழுதிப் படித்தால் பள்ளிக்கூடக் கட்டுரை மாதிரி இருந்தது. கிழித்துப் போட்டுவிட்டு, ஆரம்பத்தில் வரும் அந்த கனமான 'கிராவே' பகுதி நடுவே ஒருமுறை, முடிவுக்குச் சற்று முன்பு ஒருமுறை என்று திரும்பி வருவதைப் பற்றி எழுத உட்கார்ந்தேன். அப்போதுதான் தெரிந்தது, மூன்று இடத்தையும் நான் ஒரே மாதிரிதான் வாசித்துக்கொண்டிருக்கிறேன் என்று!

போன மாதம்தான் முதல்முறையாக எல்லாவற்றையும் ஒரே மூச்சில் வாசித்துப் பார்த்தேன். தனித்தனியாக எல்லாமே கைக்குள் இருக்கிறது, ஆனால் பத்தெதிக்கின் முதல் பகுதியில் இடது கை ஆக்டேவை, அதாவது கை விரித்துத் தொடும் ஒரே சுரத்தின் கீழ், மேல் கட்டைகளை, விடாமல் மாற்றி மாற்றி ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டுமே, அது முடிவதற்குள் முழங்கைக்குக் கீழே கல்லாக இறுகிவிட்டது, அந்தக் கையோடு போய் நாக்டர்ன் வாசித்தால் அது தாலாட்டாகவா இருக்கும்? மிஸ் சொன்ன வைத்தியம் ஒன்றுதான்: பீத்தோவன் அங்கே சத்தம் குறைவாக என்றுதானே போட்டிருக்கிறார், ஏன் இடிக்கிறாய், கட்டைவிரலைத் தொட்டும் தொடாமலும் வை, மணிக்கட்டைச் சுழலவிடு. பாதி சரியாகியிருக்கிறது. போனில் நேரம் பார்த்தால் 39 நிமிடம். பத்தெதிக் முதல் பகுதியின் ஆரம்பப் பாகத்தைத் திருப்பி வாசிக்கும்போது கிராவேயிலிருந்து தொடங்குவதா, அதற்கடுத்த வேகப் பகுதியிலிருந்தா என்று பெரியவர்களுக்குள்ளேயே ஒரு வாக்குவாதம் உண்டு. நான் திருப்பி வாசிப்பதையே விட்டுவிட்டேன். இப்போது 37.

அப்புறம் பியானோ. வீட்டில் இருப்பது டிஜிட்டல். மிஸ் தெரிந்தவர்களிடம் சொல்லி ஒரு ஹாலில் ஒரு மணி நேரம் கிராண்ட் பியானோ வாங்கிக் கொடுத்தார். சென்னையில் விடாத மழை, மரம் ஊறி இரண்டு கட்டைகள் அழுத்தினால் எழுந்து வர யோசித்தன. அதைக்கூடப் பொறுக்கலாம். சத்தத்தைக் குறைக்கும் இடது பெடலை மிதித்ததும் கீபோர்டு மொத்தமாக வலது பக்கம் நகர்ந்ததில் பயந்து கையை எடுத்துவிட்டேன். அது அப்படித்தான் வேலை செய்யும் என்று படித்திருக்கிறேன், கண்ணால் பார்த்தது அன்றுதான். வீட்டில் தாராளமாக மிதிக்கும், ஒலியை நீட்டிக்கும் வலது பெடலோ அங்கே ஷோப்பானின் இடது கையைக் கூழாக்கிவிட்டது. பெடலைப் பாதி, கால்வாசி என்று எடுத்துப் பழக வேண்டும்.

அன்று இன்னொன்றும் பிடிபட்டது. வருடக்கணக்காக வெறுங்காலில் மிதித்துப் பழகியவளுக்கு ஷூவோடு பெடல் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. அதனால் இந்த வாரத்திலிருந்து வீட்டுக்குள் ஷூ போட்டு வாசிக்கிறேன். அம்மா முதல் நாள் ஒன்றும் பேசவில்லை. இரண்டாம் நாள் அடியைத் துடைத்து, பெடலுக்குக் கீழே பழைய போர்வையை விரித்து, பூஜை அறைப் பக்கம் மட்டும் அதோடு போகாதே என்று சொல்லிவிட்டார்.