14 நாளுக்கு அப்புறம்

ஒரகடத்தில் ஒரு ஜப்பானிய உதிரிபாகக் கம்பெனியின் மனிதவளப் பிரிவில் சேர்ந்த இரண்டாம் வருடம், வெளிநாட்டிலிருந்து பணிக்கு வருபவர்களைக் கவனிக்கும் ‘எக்ஸ்பாட் ஃபைல்’ என் மேஜைக்கு வந்தது. யாரும் கேட்டு வாங்கிக்கொள்ளாத வேலை. எந்த நேரமும் ஏழெட்டு ஜப்பானியர்கள் இருப்பார்கள். மூன்று நான்கு வருடத்தில் ஒருவர் கிளம்புவார், இன்னொருவர் வருவார். அவர்களுடைய விசா, வீடு, கார், வரி எல்லாம் என் தலையில்.

180 நாளுக்கு மேல் விசா உள்ளவர் வந்து இறங்கிய 14 நாளுக்குள் எஃப்.ஆர்.ஆர்.ஓ. என்கிற வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். இப்போது ஆன்லைனில் முடிகிறது. 2018க்கு முன்பு ஆளையே கூட்டிக்கொண்டு ஹாடோஸ் ரோடு சாஸ்திரி பவனுக்குப் போக வேண்டும். நான் முதன்முதலில் அழைத்துப்போனவர் ஒரு தயாரிப்புப் பிரிவு மேனேஜர். 12வது நாள். வாடகை ஒப்பந்தம் வீட்டுக்காரர் பெயரில் இருந்தது. முகவரிக்காக அவர் கொடுத்திருந்த இ.பி. கார்டோ, ஐந்து வருடத்துக்கு முன் இறந்துபோன அவருடைய அப்பா பெயரில். நான் பார்க்கவே இல்லை. பதிவு நடக்காமல் திரும்பி வரும் வழியில் மேனேஜரிடம் விஷயத்தை விளக்கினேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “இறந்தவர் எப்படிக் கரண்ட் பில் கட்டுகிறார்?” என்று கேட்டார். கிண்டல் இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். நம் ஊரில் பாதி வீட்டில் இப்படித்தான் என்று சொல்ல வாய் வரவில்லை.

சொத்துவரி ரசீது மகன் பெயருக்கு மாறியிருந்தது. அதைத் தேடி எடுத்துக்கொண்டு 14வது நாள் மதியம் பதிவை முடித்தோம். அன்று ராத்திரிதான் நிம்மதியாகத் தூங்கினேன். ஆள் வந்தாயிற்று, காகிதம் சரி, என் வேலை தீர்ந்தது என்று நினைப்பு.

பி.எஃப். பற்றியும் ஒரு வார்த்தை. நம்மவர்களுக்கு 15,000 ரூபாய் சம்பளத்துக்கு மட்டும் பிடித்தால் போதும் என்று ஒரு வரம்பு இருக்கிறது. வெளிநாட்டு ஊழியருக்கு 2008லிருந்து அது கிடையாது. முழுச் சம்பளத்திலும் 12 சதவீதம் பிடிக்க வேண்டும். 2016 அக்டோபரில் இந்திய-ஜப்பான் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் அமலுக்கு வந்த பிறகு, அங்கேயே கட்டுவதாகச் சான்றிதழ் கொண்டுவந்தால் ஐந்து வருடம் வரை இங்கே கட்ட வேண்டாம். அதற்கு முன்னால் வந்தவர்களிடம் “பணம் 58 வயதில் கிடைக்கும்” என்று சொல்ல வேண்டியிருந்தது. 34 வயது என்ஜினியர் ஒருவர் என் எதிரில் உட்கார்ந்து விரல் விட்டு எண்ணினார்.

சரி, அந்த மேனேஜருக்கு வருகிறேன். மகன் படிப்புக்காக மனைவி ஜப்பானிலேயே தங்கிவிட, இவர் மட்டும் வந்திருந்தார். இதற்கு ஜப்பானிய மொழியில் தனிச் சொல்லே உண்டு: தன்ஷின் ஃபுனின். குடும்பத்தை விட்டுவிட்டு ஒண்டியாகப் பணிக்குப் போவது. போரூர் பக்கம் மூன்று படுக்கையறை ஃபிளாட்டில் தனியாக இருந்தார். ஜப்பான் நமக்கு மூன்றரை மணி நேரம் முன்னால். அவர்களுடைய காலை ஒன்பது மணி மீட்டிங் இங்கே விடிகாலை ஐந்தரை. அதை முடித்துவிட்டு ஒரகடம், அப்புறம் சாயங்காலம் ஏழு வரை தயாரிப்பு லைனில். லைனில் எல்லோரும் பெயரோடு ஜப்பானிய மரியாதைச் சொல்லான ‘சான்’ சேர்த்து, அதற்கு மேல் ‘சார்’ வேறு போட்டுக் கூப்பிடுவார்கள். அவர் திருத்தியதே இல்லை.

ஒருநாள் அவருடைய டிரைவர் என் அறை வாசலில் தயங்கி நின்றார்.

“மேடம், சார் மூணு நாளா சாப்பாட்டுப் பையைத் தொடவே இல்ல. வண்டியில ஏறினா போனையே பார்த்துக்கிட்டு வர்றாரு.”

போய்க் கேட்டேன். ஒன்றுமில்லை என்றார். மறுபடி கேட்டேன். அவருடைய அப்பா இரண்டு வாரமாக ஆஸ்பத்திரியில். ஏன் சொல்லவில்லை என்றதற்கு, கம்பெனி விதிப் புத்தகத்தைத் திறந்து காட்டினார். அவசர விடுப்பு, விமானச் செலவுடன்: ‘மனைவி, குழந்தைகள்’. பெற்றோர் இல்லை. ஆங்கிலப் பிரதியைச் சுருக்கி எழுதியது நான்தான். இரண்டு பக்கத்துக்குள் அடக்க வேண்டும் என்ற அவசரத்தில் ஒரு சொல் போய்விட்டது. அதை அவர் சட்டமாக எடுத்துக்கொண்டு, வாய் திறக்காமல் லைனுக்கு வந்துபோய்க்கொண்டிருந்தார். நம் ஆளாக இருந்தால் விதியாவது ஒன்றாவது என்று நேரே வந்து நின்றிருப்பார்.

அன்று இரவே சிங்கப்பூர் வழியாக அனுப்பினோம். பத்து நாள் கழித்து வந்தார். டிரைவருக்கு ஒரு இனிப்புப் பெட்டி. எனக்கு, அக்கவுன்ட்ஸில் கொடுப்பதற்காக போர்டிங் பாஸ், பின் அடித்து, தேதி வரிசையில்.

‘பெற்றோர்’ என்ற சொல்லைத் திரும்பச் சேர்க்க இரண்டு மாதம் மெயில் போக்குவரத்து நடந்தது. அதுமுதல் மாதம் ஒருமுறை டிரைவர்களோடு டீ குடிக்கிறேன். இது வேவு பார்ப்பதுதானே என்று கூட வேலை செய்பவர் ஒருவர் கேட்டார். பாதி உண்மைதான். அதனால் எங்கே போனார், யாரோடு போனார் என்று கேட்பதில்லை. சாப்பிடுகிறாரா, தூங்குகிறாரா, அவ்வளவுதான்.

வருபவர்களை ஓரளவு கற்றுக்கொண்டேன். போகிறவர்களிடம்தான் பெரிதாகத் தவறினேன். தரக் கட்டுப்பாட்டிலிருந்து ஒரு பையனை இரண்டு வருடம் ஜப்பானுக்கு அனுப்பினோம். மாலை போட்டு, போட்டோ எடுத்து, நோட்டீஸ் போர்டில் ஒட்டி. திரும்பி வந்தபோது அவனுடைய நாற்காலியில், அவன் பயிற்சி கொடுத்த ஜூனியர் செக்‌ஷன் ஹெட்டாக உட்கார்ந்திருந்தான். இவனுக்கு ‘சிறப்புத் திட்டங்கள்’ என்று ஒரு பெயரும் ஜன்னல் ஓரத்தில் ஒரு மேஜையும் கொடுத்தோம். ஜப்பானிய மொழி, அங்கத்திய அளவீட்டு முறை எல்லாம் கற்று வந்தவனிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. ஆறாவது மாதம் ஸ்ரீபெரும்புதூரில் வேறொரு கம்பெனிக்குப் போய்விட்டான். கடைசி நாள் பேட்டியில் சம்பளம் என்று எழுதிக்கொடுத்தான். நானும் அதையே கம்ப்யூட்டரில் ஏற்றினேன்.

அடுத்த மாதம் ஒரு பெண் நகோயா பக்கம் போகிறாள், 18 மாதத்துக்கு. விமான நிலையத்திலேயே வசிப்பிட அட்டை கொடுப்பார்கள், வீடு புகுந்த 14 நாளுக்குள் நகராட்சியில் முகவரி பதிய வேண்டும் என்று நான் ஆரம்பித்தால், அவள் யூடியூபில் பார்த்து எல்லாம் தெரிந்து வைத்திருக்கிறாள். அவள் கேட்டது ஒன்றே ஒன்று: “மேடம், திரும்பி வந்தா எனக்கு எந்த சீட்?”

வரும்போது எந்தப் பதவி, யாருக்குக் கீழே என்று ஒரு கடிதம் தயார் செய்து ஆலைத் தலைவருக்கு அனுப்பினேன். 18 மாதம் கழித்து நடப்பதற்கு இப்போதே எப்படிக் கையெழுத்துப் போடுவது என்கிறார். மூன்று முறை நினைவூட்டியாயிற்று. டிக்கெட் போடட்டுமா என்று டிராவல்ஸ்காரர் இரண்டு தடவை கேட்டுவிட்டார். கடிதம் வரட்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.