வேக்ஹர்ஸ்ட் விதை வங்கி: டாக்சிக்கு அழுத காசும் நூறு விதைகளும்

டாக்சிக்கு அழுத காசை முதலில் சொல்லிவிடுகிறேன். தென் இங்கிலாந்தின் ஹேவர்ட்ஸ் ஹீத் ஸ்டேஷனிலிருந்து வேக்ஹர்ஸ்ட் தோட்டம் ஆறு மைல்தான். பஸ் இருக்கிறது, ஆனால் ஒன்றைத் தவறவிட்டால் அடுத்தது வருவதற்குள் பாதி நாள் போய்விடும். நம் அவசரத்தைப் பார்த்ததுமே டாக்சிக் கட்டணம் ஏறுகிறது. லண்டன் விக்டோரியாவிலிருந்து வந்த ரயில் டிக்கெட்டை விட இந்த ஆறு மைலுக்கு அதிகம் கொடுத்தால் வயிறு எரியாதா? பஸ் நேரத்தைப் பார்த்து வைத்துக்கொண்டு, அதற்கேற்ற ரயிலில் ஏறுங்கள். நுழைவுச் சீட்டும் மலிவில்லை, கார் நிறுத்தத் தனிக் காசு. கட்டுச்சோறு கொண்டுபோவது உத்தமம்.

இத்தனை செலவுக்குத் தகுமா? விதை வங்கிக்காகவே தகும். பெரும்பாலானவர்கள் தோட்டம் முழுக்கச் சுற்றிக் களைத்துப்போய், கடைசிப் பத்து நிமிடத்தில் வங்கியை எட்டிப் பார்க்கிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள், நேராக அங்கே போங்கள். செடிகள் அழிந்துபோகாமலிருக்க விதைகளை உறையவைத்துக் காக்கும் இடம், லண்டனின் கியூ தாவரவியல் தோட்டம் 2000-ல் திறந்த வங்கி இது. 240 கோடிக்கு மேல் விதைகள், 40,000-க்கு மேல் தாவர இனங்கள். கூடத்தின் இருபுறமும் கண்ணாடிச் சுவர், அதற்கு அப்பால் ஆய்வகம். வேலை நடப்பதை நின்று பார்க்கலாம்.

வேலையில் பாதி இங்கே வருவதற்கு முன்பே, செடி நிற்கும் இடத்தில் முடிந்திருக்க வேண்டும். விதை தானாக உதிரத் தொடங்கும் பருவம்தான் பறிக்கும் பருவம். முந்தினால் பிஞ்சு விதை, காய்ந்தபின் முளைக்காது. பிந்தினால் காற்று கொண்டுபோய்விடும். முதலில் பத்து இருபது விதைகளைக் கத்தியால் குறுக்கே வெட்டிப் பார்ப்பார்கள். உள்ளே வெள்ளையாக, கெட்டியாக இருந்தால் நல்லது. வெறும் தோலாகவோ புழு தின்றதாகவோ பாதிக்கு மேல் இருந்தால், பறித்து என்ன பயன்? முடிந்தால் ஐம்பது செடிகளுக்குக் குறையாமல், ஓரம் நடு என்று பாராமல் எல்லா இடத்திலிருந்தும் எடுக்க வேண்டும். கொழுத்த நாலு செடிகளில் மட்டும் பறித்தால் அந்தக் கூட்டத்தின் மரபணு வகைகள் வங்கிக்கு வந்து சேராது. அன்றைக்கு முற்றியிருக்கும் விதையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் தொடக் கூடாது. அரிய செடியிடம் பேராசை காட்டினால், காப்பாற்றப் போனவரே அதை அழித்தவராவார்.

பறித்ததைத் துணிப்பையிலோ காகிதப் பையிலோதான் போட வேண்டும். பிளாஸ்டிக் பையில் விதை வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும். பூட்டிய காரில் வைத்தால் வெந்துபோகும். இடம், நாள், மண், பக்கத்தில் வளரும் செடிகள் எல்லாவற்றையும் அங்கேயே எழுதிவிட வேண்டும். அடையாளத்துக்கு ஒரு கிளையை அழுத்திக் காயவைத்து அனுப்ப வேண்டும். குறிப்பு இல்லாத விதை வங்கிக்குச் சுமைதான்.

வங்கிக்குள் வந்ததும் உலர் அறை. 15 டிகிரி வெப்பம், 15 சதவீத ஈரப்பதம். வெயிலில் போட்டு அவசரப்படுத்துவதில்லை. சல்லடையில் சலித்து, காற்றால் சண்டு பிரித்து, எக்ஸ்ரே எடுத்துப் புழுவையும் பதரையும் கண்டுபிடிக்கிறார்கள். ஈரம் சுமார் 5 சதவீதத்துக்கு இறங்கியபின், காற்றுப் புகாத கண்ணாடிக் குப்பியில் அடைத்து மைனஸ் 20 டிகிரியில் வைக்கிறார்கள். ஈரத்தோடு உறையவைத்தால் பனித்துகள் செல்களைக் கிழித்துவிடும். குப்பிக்குள் ஆரஞ்சு நிறத்தில் ஈரத்தை உறிஞ்சும் ஒரு சின்ன சிலிக்கா பொட்டலம் இருக்கிறது. அது பச்சையாக மாறினால் மூடியில் கசிவு. கோடிக்கணக்கான விதைகளுக்கு இந்தப் பொட்டலம்தான் காவல்காரன்!

பத்து ஆண்டுக்கு ஒருமுறை சில விதைகளை எடுத்து அகார் என்ற கூழ் ஊற்றிய தட்டில் முளைக்கவைத்துப் பார்க்கிறார்கள். முளைப்பு சரிந்தால் புதிதாகச் சேகரிக்க வேண்டும். எல்லா விதையும் இதற்கு ஒத்துவராது. ஓக் கொட்டை, நம் மாங்கொட்டை, பலாக்கொட்டை எல்லாம் காய்ந்தாலே செத்துவிடும்.

இத்தனை கெடுபிடி எதற்கு என்று கேட்பவர்களுக்கு யார்க் கிரவுண்ட்செல் பதில் சொல்லும். 1979-ல் வட இங்கிலாந்தின் யார்க் நகர ரயில் நிலையக் கார் நிறுத்தத்தில் கண்டுபிடித்த சின்ன மஞ்சள் பூச்செடி. உள்ளூர்க் களைச்செடி ஒன்றும், சிசிலியிலிருந்து வந்து ரயில் பாதையோரமாகப் பரவிய இன்னொன்றும் கலந்து பிறந்த புதிய இனம், உலகத்தில் வேறெங்கும் கிடையாது. விதை நம் வெட்டுக்காயப் பூண்டு மாதிரி, பஞ்சோடு பறக்கும். களைக்கொல்லி அடித்து அடித்தே ஒழித்தார்கள். 1991-க்குப் பிறகு வெளியில் யார் கண்ணிலும் படவில்லை.

நல்லவேளையாக அதற்கு முன்பே சேகரித்த விதை இந்த வங்கியில் இருந்தது. ஆயுள் முடியப்போகிறது என்று நூறு விதைகளை வெளியே எடுத்து விதைத்தார்கள். 98 முளைத்தன! தன் மகரந்தத்தாலேயே காய்க்கும் ஓராண்டுச் செடி, அதனால் விதை மளமளவென்று பெருகியது. 2023-ல் யார்க் நகரத்துக்கே கொண்டுபோய் மறுபடி விதைத்தார்கள். பிரிட்டனில் அழிந்துபோன ஓர் இனம் இப்படித் திரும்பியது அதுவே முதல்முறை என்று அப்போது அறிவித்தார்கள். மருந்தடிப்பு நிற்காவிட்டால் மறுபடி அதே கதைதான். நடைபாதை ஓரத்தில் பத்துப் பூச்செடி நின்றால் நகரத்துக்கு என்ன குறைந்துவிடும்?

வங்கிக்கு வெளியே எட்டுப் பாத்திகளில் பிரிட்டனின் அருகிவரும் வாழிடச் செடிகளை வளர்க்கிறார்கள். கூழாங்கல் கடற்கரைப் பாத்தியை விட்டுவிடாதீர்கள். விதையைக் கிள்ளிப் பையில் போடும் ஆசை மட்டும் வேண்டாம். கடைகளில் விற்கும் காட்டுப்பூ விதைப் பாக்கெட்டும் ஊருக்குக் கொண்டுபோக ஆகாது. இந்தியாவுக்குள் விதை எடுத்துவர இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றிதழும் வேண்டும், இல்லையென்றால் விமான நிலையத்தில் பறிமுதல்.