காஸ்டிங் ஷீட்டோடு இன்டீரியர் வேலைக்கு வந்தேன்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஏழு வருஷம் மெர்ச்சண்டைசராக, அதாவது ஆர்டர் பிடித்து விலை போட்டுக் கொடுக்கும் வேலையில், இருந்தேன். சொந்த ஊர் காங்கேயம் பக்கம். இப்போது கோயம்புத்தூரில் வீடுகளுக்கு இன்டீரியர் செய்கிறேன், எட்டு வருஷம் ஆகிறது. "பி.ஆர்க் (ஆர்க்கிடெக்ட் படிப்பு) படிக்காம எப்படிங்க வந்தீங்க?" என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். ஆர்க்கிடெக்ட் என்று போட்டுக்கொள்ளத்தான் 1972ஆம் வருஷச் சட்டப்படி பதிவு வேண்டும். இன்டீரியர் டிசைனருக்கு அப்படி லைசென்ஸ் கிடையாது. அதனால் உள்ளே வருவது சுலபம். வந்த பிறகு காசு கையில் நிற்பதுதான் பெரும்பாடு.

சனி, ஞாயிறு வகுப்பில் ஒரு வருஷ டிப்ளமோ முடித்தேன். படம் போடும் சாஃப்ட்வேர்களான ஆட்டோகேட், ஸ்கெட்ச்அப் இரண்டும் அங்கே கற்றவை. தொழிலைக் கற்றது கோயம்புத்தூர் கணபதி ஏரியாவில் ஒரு ஆசாரியண்ணாவிடம். ஐந்து மாசம் அவரோடு சைட் சைட்டாக டேப் பிடித்தபடி சுற்றினேன். அவர் முதல் நாளே சொன்னது: "அம்மிணி, செவுத்த நம்பாதீங்க." ஒரே சுவரைக் கீழே, நடுவே, மேலே என்று மூன்று இடத்தில் அளக்க வைப்பார். கீழே சரியாகப் பத்தடி இருக்கும், மேலே போனால் முக்கால் இஞ்சு குறையும். கீழளவை வைத்து வார்ட்ரோப் செய்தால் அது உள்ளே போகாது. மூலை மட்டமா என்று பார்க்க ஒரு சுவரில் 3 அடி, அடுத்த சுவரில் 4 அடி குறித்து, இரண்டு குறிக்கும் நடுவே டேப்பை இழுப்பார். 5 அடி வந்தால் மூலை சரி. இன்றைக்கும் எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் இதைத்தான் செய்கிறேன்.

முதல் வேலை வடவள்ளியில், சித்தப்பா மகள் வீடு. மொத்தமாக 3,80,000 ரூபாய் என்று பேசிவிட்டேன். செலவைக் குறைக்க, ஏழடி வார்ட்ரோப் கதவுகளுக்கு வெளிப்பக்கம் மட்டும் மைக்கா (பலகைமேல் ஒட்டும் மெல்லிய லேமினேட் தகடு) ஒட்டி, உள்பக்கம் பெயின்ட் அடிக்கச் சொன்னேன். ஐப்பசி மழையில் ஆறு கதவும் வில்லாக வளைந்தன. மூடினால் மேல்முனை அரை இஞ்சு வெளியே நிற்கும். ஆசாரியண்ணா வந்து பார்த்துவிட்டு, "ஒரு பக்கம் மட்டும் ஒட்டுனா அது இழுத்துக்கும்ங்க, ரெண்டு பக்கமும் ஒட்டோணும்" என்றார். சித்தப்பா "விடு சாமி, பரவால்ல" என்றுதான் சொன்னார். எனக்கு மனசு கேட்கவில்லை. ஆறையும் கழற்றி என் செலவில் புதிதாகப் போட்டுக் கொடுத்தேன். கையைவிட்டுப் போனது 42,000.

அன்று ராத்திரி கணக்குப் பார்க்கும்போதுதான் பழைய வேலை ஞாபகம் வந்தது. ஒரு டி-ஷர்ட்டுக்கு நூல், நிட்டிங், டையிங், கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் என்று தனித்தனியாக எழுதி, வேஸ்டேஜும் போட்டுத்தானே, வாங்குகிற பையருக்கு விலை கொடுப்போம்? வார்ட்ரோப்புக்கு மட்டும் ஏன் மொத்த விலை சொன்னேன்? அதற்கும் அதே மாதிரி ஒரு காஸ்டிங் ஷீட் போட்டேன். ப்ளைவுட் எத்தனை (எட்டுக்கு நாலு ஷீட் ஒன்றில் 32 சதுர அடி, அதில் வெட்டுக் கழிவு வேறு), உள் மைக்கா, வெளி மைக்கா, பலகை ஓரத்தில் ஒட்டும் எட்ஜ் பேண்ட் எத்தனை மீட்டர், ஏழடிக் கதவுக்கு நான்கு ஹிஞ்ச், டிராயர் ஓடும் சேனல், கூலி, வண்டி வாடகை, ஏற்றுக்கூலி. சிங்க் அடியில் மட்டும் ஐ.எஸ். 710 (ஐ.எஸ். என்பது இந்தியத் தர எண்) ப்ளைவுட், மற்ற இடத்துக்கு ஐ.எஸ். 303. 710 என்பது 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்தும் பசை விடாத ரகம். அதை வீடு முழுக்கப் போட்டு விலையை ஏற்ற வேண்டியதில்லை.

பனியன் கம்பெனியில் பையர் சாம்பிளில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் மொத்த ஆர்டரையும் ஓட்டுவோம். இங்கேயும் அதே வழக்கம் வைத்தேன். ஒரு அடிக்கு ஒரு அடி கதவு, அதே மைக்கா, அதே கைப்பிடி. பின்பக்கம் வீட்டுக்காரர் கையெழுத்து. ஒன்று அவரிடம், ஒன்று என்னிடம். சாயத்தில் லாட்டுக்கு லாட் ஷேடு மாறுவது போல மைக்காவிலும் மாறும், அதனால் முழுத் தேவையையும் ஒரே லாட்டில் எடுத்துவிடுவேன்.

டிசைன் ஃபீஸ் கேட்கத்தான் ரொம்ப நாள் கூச்சமாக இருந்தது. ஈரோட்டில் மஞ்சள் மண்டி வைத்திருப்பவர் ஒருவர் நேராகவே கேட்டார்: "ஏனுங் அம்மிணி, படம் போடறதுக்கெல்லாமா காசு?" நான் வாதாடவில்லை. காஸ்டிங் ஷீட்டைத் திறந்து அவர் பக்கம் திருப்பினேன். "உங்க கிச்சனுக்கு 11 ப்ளைவுட் ஷீட் வருதுங்க. வெட்டு எப்படின்னு படத்துலயே இருக்குது. படம் இல்லாம ஆரம்பிச்சா கைக்காவலுக்கு 14 வாங்கச் சொல்வாங்க." அவர் வரிவரியாகப் படித்தார். பிறகு, "கடையில உங்களுக்குக் கமிஷன் வருமில்லீங்?" என்றார். வரும் என்றேன். பில் நேரே அவர் பேருக்கே வரும், அந்தக் கமிஷனும் பில்லிலேயே கழிந்துவிடும், எனக்கு ஃபீஸ் மட்டும் போதும் என்றும் சொன்னேன். அன்றைக்கே 25,000 அட்வான்ஸ் கொடுத்தார்.

இப்படி ஃபீஸ் மட்டும் வாங்குவதில் இன்னொரு சௌகரியமும் உண்டு. மெட்டீரியலோடு எடுத்துச் செய்தால் நாலைந்து வீட்டிலேயே வருஷ வரவு 20 லட்சத்தைத் தாண்டி ஜிஎஸ்டி பதிவு வந்துவிடும். ஃபீஸ் மட்டும் வாங்கியதால் ஆரம்ப வருஷங்களில் அந்தச் சுமை எனக்கு இல்லை.

அந்த ஈரோட்டு வீட்டில்தான் இன்னொன்றும் கற்றேன். 3டி படத்தைப் பார்த்துவிட்டு மண்டிக்காரருடைய அம்மா, "கிரைண்டர் எங்க சாமி வெக்கறது?" என்று கேட்டார். நான் கிரைண்டருக்கு இடமே விடவில்லை. கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. அந்த ஊரிலிருந்து போன எனக்கு அது தோன்றவில்லை என்பதில் மிகவும் வெட்கப்பட்டேன். மேடை 34 இஞ்சு உயரம். அதன்மேல் கிரைண்டரை வைத்தால் மாவோடு பாத்திரத்தை எட்டித் தூக்க வேண்டும், அந்த அம்மாவுக்குத் தோள்வலி வேறு. அவரை நிற்க வைத்து, கையைத் தளர்த்தித் தொங்கவிடச் சொல்லி முழங்கை உயரம் அளந்தேன். ஜன்னலோரம் 22 இஞ்சில் தனியாகத் தாழ்ந்த மேடை, பக்கத்தில் ஒரு பிளக், கல் கழுவ ஒரு குழாய், தண்ணீர் போக வழி. அதற்காகப் படத்தை மூன்று முறை மாற்றினேன். இப்போது எந்த வீட்டிலும் மாவாட்டுகிறவரை அளக்காமல் கிச்சன் படம் தொடங்குவதில்லை.

போன மாசம் கவுந்தப்பாடியிலிருந்து அந்த மண்டிக்காரருடைய சொந்தக்காரர் ஒருவர் கூப்பிட்டார். "படத்துக்கு எவ்வளவுங்க?" என்றுதான் பேச்சைத் தொடங்கினார். வியாழக்கிழமை அளக்கப் போகிறேன்.