மாத்திரை, கேப்சூல், சிரப்: ஃபார்மசூட்டிக்ஸ் தேர்வில் மதிப்பெண் எங்கே போகிறது?

டி.ஃபார்ம் (மருந்தியல் டிப்ளமோ) முதலாண்டில், மருந்து வடிவங்களைப் பற்றிய ஃபார்மசூட்டிக்ஸ் பாடத்தில் "மாத்திரைக்கும் கேப்சூலுக்கும் வேறுபாடு தருக" என்று கேட்டால், பலரும் இரண்டு வரையறைகளை எதிரெதிரே எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார்கள். மருந்து எந்த இடத்தில் வெளிப்படுகிறது, எவ்வளவு நேரத்தில், அதற்கு என்ன காரணம் என்பதையும் எழுதினால்தான் அது விடை. படிக்கும்போதே இந்த மூன்றையும் கேட்டுக்கொண்டு படியுங்கள்.

சிதைவு நேரத்தை, அதாவது மாத்திரை திரவத்தில் உடைய ஆகும் அதிகபட்ச நேரத்தை எடுத்துக்கொள்வோம். இந்தியன் ஃபார்மகோபியா (இந்தியாவின் மருந்துத் தர நூல்) கணக்கில் பூச்சில்லாத மாத்திரைக்கு 15 நிமிடம், ஃபிலிம் பூச்சுக்கு 30, சர்க்கரைப் பூச்சுக்கு 60. பூச்சு கனமாக ஆக நேரம் கூடுகிறது, அவ்வளவுதான். தண்ணீரில் கலக்கிக் கொடுக்கும் டிஸ்பர்சிபிள் மாத்திரைக்கு 3 நிமிடமே. ஹார்டு ஜெலட்டின் கேப்சூலுக்கு 30, சாஃப்ட் ஜெலட்டினுக்கு 60.

இரைப்பையில் கரையாமல் குடலில் கரையும் என்டெரிக் பூச்சுக்கு சோதனை இரண்டு கட்டம். 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 2 மணி நேரம் உடையவே கூடாது; அதன்பின் பி.எச். 6.8 பாஸ்பேட் பஃபரில் 60 நிமிடத்துக்குள் உடைந்தாக வேண்டும். முதல் கட்டத்தை எழுதாமல் விடுவதுதான் இங்கே வழக்கமான பிழை. காரணத்தையும் சேர்த்தே எழுதுங்கள்: பான்டோபிரசோலை இரைப்பை அமிலம் கெடுத்துவிடும்; டைக்ளோஃபெனாக் இரைப்பையைப் புண்ணாக்கும். ஒன்றில் மருந்துக்குப் பாதுகாப்பு, மற்றதில் வயிற்றுக்கு. இத்தகைய மாத்திரையை ஏன் உடைக்கக் கூடாது என்ற வைவா (வாய்மொழித் தேர்வு) கேள்விக்கும் இதுவே பதில். மருந்தை மெதுவாக வெளிவிடும் எஸ்.ஆர். மாத்திரைக்குக் காரணம் வேறு: பொடித்தால் பல மணி நேரத்தில் வெளிப்பட வேண்டிய அளவு ஒரே நேரத்தில் வெளிப்பட்டுவிடும்.

எடை மாறுபாட்டில், அதாவது ஒரு மாத்திரை சராசரி எடையிலிருந்து எவ்வளவு விலகலாம் என்பதில், எண்கள் குழம்பும். இந்தியன் ஃபார்மகோபியாவில் சராசரி எடை 80 மி.கி. வரை ±10%, 80க்கு மேல் 250க்குள் ±7.5%, 250ம் அதற்கு மேலும் ±5%. அமெரிக்க ஃபார்மகோபியாவில் எல்லைகள் 130ம் 324ம். எந்த நூலின்படி என்பதைக் குறிப்பிடாமல் எண்ணை மட்டும் எழுதாதீர்கள். கேப்சூல் அளவு எண்ணோ தலைகீழ்: 000 தான் பெரியது, 5 மிகச் சிறியது.

திரவ வடிவங்களில் சிரப், எலிக்ஸிர், லிங்க்டஸ் மூன்றையும் ஒரு வரியில் பிரித்துவிடலாம். சிரப் என்பது சர்க்கரையின் அடர்கரைசல் (சிம்பிள் சிரப் 66.7% எடைக்கு எடை); எலிக்ஸிர் ஆல்கஹால் கலந்த, தெளிந்த இனிப்புக் கரைசல்; லிங்க்டஸ் இருமலுக்கு, தண்ணீர் கலக்காமல் மெதுவாக விழுங்குவது.

பிராக்டிகலில் அதிகம் சொதப்புவது எமல்ஷன், அதாவது எண்ணெயும் தண்ணீரும் பிரியாமல் கலந்து நிற்கும் திரவம். முதலில் உருவாக்கும் அடர்கலவைக்கு (பிரைமரி எமல்ஷன்) அளவு விகிதம் இது: நிலையெண்ணெய்க்கு (ஆவியாகாதது) எண்ணெய், தண்ணீர், அகேசியா பிசின் 4:2:1. ஆவியாகும் எண்ணெய்க்கு 2:2:1. லிக்விட் பாரஃபினுக்கு 3:2:1. 8 மி.லி. மீன் எண்ணெய் என்றால் தண்ணீர் 4 மி.லி., பிசின் 2 கிராம். உலர் பிசின் முறையில் மார்ட்டர், பெஸ்டல் (கல்வமும் குழவியும்), எண்ணெய் அளக்கும் சிலிண்டர் எல்லாமே துளி ஈரமில்லாமல் இருக்க வேண்டும். ஈரம் பட்டால் பிசின் கட்டிகட்டும். எண்ணெயில் பிசினை லேசாகப் பரப்பியதும் தண்ணீரை மொத்தமாக ஒரே தடவையில் ஊற்றி, ஒரே திசையில் வேகமாக அரையுங்கள். வெண்ணிறக் கிரீமாகி 'கிளிக்' ஓசை வந்தால் பிரைமரி எமல்ஷன் தயார். தண்ணீரைச் சிறுகச் சிறுக விட்டால் எண்ணெய்க்குள் தண்ணீர் என்று கட்டம் மாறி, வழவழப்பாகத் தெரியும். அதைத் தேற்ற முயன்று நேரத்தை வீணாக்காமல் புதிதாகத் தொடங்குங்கள். மீதித் தண்ணீர், சுவையூட்டி எல்லாம் பிரைமரி உருவான பிறகுதான்.

சஸ்பென்ஷன் (கரையாத மருந்துத்தூள் கலந்த திரவம்) லேபிளில் "குலுக்கிப் பயன்படுத்தவும்" இல்லையென்றால் மதிப்பெண் குறையும். பொடியாக வரும் டிரை சிரப்புக்கு, காய்ச்சி ஆறவைத்த நீரைப் பாதியளவு விட்டு நன்கு குலுக்கி, நுரை அடங்கிய பிறகே குறிவரை நிரப்ப வேண்டும். நுரையோடு நிரப்பினால் தண்ணீர் குறைந்து, ஒவ்வொரு 5 மி.லி.யிலும் மருந்து கூடிவிடும்.

கணக்குக் கேள்விக்கு பாராசிட்டமால் நல்ல பயிற்சி. சஸ்பென்ஷன் 5 மி.லி.க்கு 125 மி.கி. அல்லது 250 மி.கி.; டிராப்ஸ் 1 மி.லி.க்கு 100 மி.கி. டிராப்ஸை 5 மி.லி. ஸ்பூனால் கொடுத்தால் குழந்தைக்குப் போவது 500 மி.கி. டிராப்ஸை அதற்கான டிராப்பரால் மட்டுமே அளக்க வேண்டும் என்று நோயாளி ஆலோசனைப் பகுதியில் இந்தக் கணக்கோடு எழுதுங்கள்.