அறைத்தோழன் செஃப் ஆனான்: சில நாட்குறிப்புகள்

பிப்ரவரி 3, செவ்வாய்

கல்லூரி விடுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்து, இரண்டாம் ஆண்டின் நடுவில் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் படிப்பை விட்டுப் போனவனை இன்று ஒரு புகைப்படத்தில் கண்டேன். வெள்ளைக் கோட்டு, தொப்பி, தோளில் மடித்துப் போட்ட துணி. ஓர் உணவகத்தின் தலைமைச் செஃப் என்று கீழே குறிப்பிட்டிருந்தார்கள். பெயரைப் படிப்பதற்கு முன்பே, தலையைச் சற்று இடப்பக்கம் சாய்த்து நிற்கும் அந்த நிலை அவனைக் காட்டிக்கொடுத்துவிட்டது. விடுதிச் சாப்பாட்டைப் பற்றி எங்கள் எல்லோரையும்விட அதிகமாகக் குறை சொன்னவன் அவன். அதை நாங்கள் வெறும் புலம்பல் என்றே நினைத்திருந்தோம். நலம் விசாரித்து நாலு வரி எழுதி அனுப்பினேன்.

பிப்ரவரி 5, வியாழன்

நள்ளிரவு தாண்டிப் பதில் வந்திருக்கிறது. சனிக்கிழமை இரவு எங்காவது உட்கார்ந்து சாப்பிடலாமா என்று கேட்டேன். ஊரே வெளியில் சாப்பிடும் நேரத்தில்தான் தனக்கு வேலை உச்சத்தில் இருக்கும் என்றும், மதிய சர்வீஸ் முடிந்து இரவு சர்வீஸ் தொடங்கும் முன் கிடைக்கும் இடைவெளியில் வந்தால் பேசலாம் என்றும் எழுதினான். பண்டிகை, விடுமுறை, உறவினர் திருமணம் எல்லாம் அவனுக்கு வேலை நாட்கள்தாம். பழைய நண்பர்கள் ஒவ்வொருவராக விலகிப்போனதற்கு மனக்கசப்பைவிட இந்தக் கடிகாரமே காரணமாக இருக்கும் என்று தோன்றுகிறது.

பிப்ரவரி 11, புதன்

இன்று சந்தித்தோம். முன்கைகளில் அடுப்புத் தட்டின் விளிம்பு இழுத்த பழைய சூட்டுத் தழும்புகள். கத்தியின் அடிப்பாகத்தைப் பற்றிப் பற்றி ஆட்காட்டி விரலின் ஓரத்தில் காய்ப்பு. சமையற்கூடத்தின் கடைநிலை உதவியாளனாக, அவர்கள் சொல்லும் ‘கமி’யாகச் சேர்ந்து, காலை முழுவதும் வெங்காயம் உரித்ததையும் எலும்பு வேகவைத்துச் சாறு இறக்கியதையும் சொன்னான். அங்கிருந்து ஒரு பிரிவுக்குப் பொறுப்பாளனாகி, தலைமைச் செஃபுக்கு அடுத்த நிலையான சூ செஃப் ஆகி, இப்போதைய இடத்துக்கு வந்திருக்கிறான். இந்தப் படிவரிசைக்கு உருக்கொடுத்தவர் பிரெஞ்சுக்காரரான எஸ்கொஃபியே. 1870ஆம் ஆண்டுப் போரில் படையினருக்குச் சமைத்த அவர், பிற்காலத்தில் பெரிய ஹோட்டல்களின் சமையற்கூடங்களில் வேலையைப் பிரிவு பிரிவாகப் பகிர்ந்து, ஒவ்வொன்றுக்கும் ஒருவரைப் பொறுப்பாக்கினார். அவருடைய தொகுப்பு நூல் 1903இல் வெளிவந்தது. இன்றும் அதைப் புரட்டுவதுண்டு என்றான்.

இந்தச் சந்திப்பில் நான் மிகவும் ரசித்தது வேறொன்று. வேதியியல் வகுப்பில் கடைசி வரிசையில் தூங்கியவன், வெங்காயம் ஏன் சிவக்கிறது என்று எனக்குப் பாடம் எடுத்தான். சட்டியில் அளவுக்கு மிஞ்சிப் போட்டால் அதிலிருந்து வெளியேறும் நீர் ஆவியாகும் வரை வெப்பம் 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. அதனால் வேகுமே தவிர, சிவக்காது. புரதமும் சர்க்கரையும் வினைபுரிந்து நிறமும் மணமும் கொடுப்பது சுமார் 140 டிகிரியை நெருங்கும்போதுதான் வேகம் பிடிக்கும். 1912இல் இதை விவரித்த மையார் என்ற வேதியியலாளரின் பெயரை அவன் வாயிலிருந்து கேட்டபோது எங்கள் பேராசிரியர் பக்கத்தில் இல்லையே என்று இருந்தது.

பிப்ரவரி 18, புதன்

சர்வீஸ் நேரத்தில் ஓரமாக நின்று பார்க்க அனுமதித்தான். தொலைக்காட்சி பழக்கிவைத்த கூச்சலை எதிர்பார்த்துப் போனேன், கூச்சல் இல்லை. தட்டுகள் வெளியேறும் மேடையருகே அவன் நின்று, வந்த ஆர்டரை ஒருமுறை வாசிக்கிறான், அந்தந்தப் பிரிவினர் கேட்டதற்கு அடையாளமாக ஒரே குரலில் பதில் சொல்கிறார்கள். ஒருவர் முதுகுக்குப் பின்னால் கடப்பவர் “பின்னால்” என்றும், சூடான பாத்திரத்தோடு வருபவர் “சூடு” என்றும் அறிவித்துக்கொண்டே நடக்கிறார். ஒரே மேசைக்கு உரிய நான்கு தட்டுகளும் ஒரே நேரத்தில் தயாராக வேண்டும் என்பதால், நீண்ட நேரம் வேகவேண்டியதை முதலில் தொடங்கச் செய்து, நொடியில் முடிவதைக் கடைசிவரை நிறுத்திவைக்கிறான். ஆண்டுக்கணக்கான அனுபவம் அந்தக் கணக்கில்தான் தெரிகிறது.

சர்வீஸ் முடிந்த பிறகு நடந்ததைத்தான் எந்தக் கேமராவும் காட்டுவதில்லை. மிஞ்சிய சாற்றை ஆழமற்ற பாத்திரங்களில் பிரித்து, பனிக்கட்டியின்மேல் வைத்து, வெப்பமானியால் அளக்கிறார்கள். 57 டிகிரியிலிருந்து 21 டிகிரிக்கு இரண்டு மணி நேரத்துக்குள்ளும், அங்கிருந்து 5 டிகிரிக்கு அடுத்த நான்கு மணி நேரத்துக்குள்ளும் இறங்கவேண்டும். இடைப்பட்ட வெப்பத்தில் கிருமிகள் வேகமாகப் பெருகும். ஒவ்வொரு டப்பாவிலும் தேதி ஒட்டி, பழையதை முன்னால் நகர்த்தி, மேடைகளைத் துடைத்து முடித்த பிறகே அவன் உட்கார்ந்தான். இன்று நின்றபடி சாப்பிடாத முதல் உணவு இதுதான் என்றான்.

பிப்ரவரி 24, செவ்வாய்

நேற்று அவனுக்கு வார விடுமுறை. வீட்டுக்குச் சாப்பிட வந்தான். செஃப் ஆன பிறகு தன்னை யாரும் வீட்டுக்கு அழைப்பதில்லை என்று போன வாரம் சொன்னான். சமைப்பதற்குப் பயப்படுகிறார்களாம். எனக்கும் கை நடுங்கவே செய்தது. உப்பு எப்படி என்று கேட்டதற்கு, “அதையெல்லாம் கேட்காதே, பேசாமல் பரிமாறு” என்று சொல்லி இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டான். சமையலைப் பற்றி அதற்குமேல் ஒரு சொல்லும் அவன் பேசவில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு, நான் கேட்காமலேயே, கல்லூரியை விட்டுப் போனதைப் பற்றிப் பேசினான். சமையற்காரனாகப் போகிறேன் என்று அப்போது சொல்லியிருந்தால் விடுதி முழுவதும் சிரித்திருக்கும். நானும் சேர்ந்து சிரித்துவிட்டால் தாங்கமுடியாது என்றுதான் விடியற்காலையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினானாம். சிரித்திருக்கமாட்டேன் என்று மறுக்க வாயெடுத்தேன். அந்த வயதில் நாங்கள் எதற்குத்தான் சிரிக்காமல் இருந்தோம்? அவன் போன வருத்தத்தில் நான் எழுதிய இரண்டு கடிதங்கள் அவன் வீட்டு முகவரிக்குச் சென்று சேர்ந்திருக்கின்றன. அப்பா அவற்றைப் பிரிக்காமலேயே வைத்திருந்தாராம். பல ஆண்டுகள் கழித்துப் படித்திருக்கிறான்.

மார்ச் 4, புதன்

இனி அவனுடைய விடுமுறை நாளில், பகல் சாப்பாட்டுக்கு, என் வீட்டில் என்று ஏற்பாடு. நான் அலுவலகத்தில் அரைநாள் விடுப்புக் கேட்கவேண்டியிருக்கும். சந்திக்கவேண்டுமென்றால் இருவரில் ஒருவர் நேரத்தை மாற்றித்தான் ஆகவேண்டும், அவனால் மாற்ற முடியாது. ஆனால் வரும் திங்கட்கிழமையே வாய்க்கவில்லை: அவனிடம் வேலை பார்க்கும் இருவர் காய்ச்சலில் படுத்திருப்பதால் விடுமுறையை விட்டுக்கொடுத்துவிட்டதாக இப்போதுதான் செய்தி அனுப்பினான். அதற்கடுத்த வாரம் தன் கத்திகளையும் சாணைக்கல்லையும் கொண்டுவருகிறானாம். என் வீட்டுக் கத்தி தக்காளியின் தோலைக்கூட வெட்டவில்லை என்பதை அன்றே கவனித்துவிட்டு, மரியாதைக்காகச் சொல்லாமல் இருந்திருக்கிறான்.