இடப்பக்கத்து முடிச்சு

ஜூலை 4, 2025, வெள்ளி

மும்பை செம்பூரில் ஒத்திகை நடத்தும் நாடகக் குழுவினர் இன்று மாட்டுங்காவில் உள்ள என் தையல் கடைக்கு வந்து முன்பணம் கொடுத்துச் சென்றனர். இரண்டாம் சரபோஜி தஞ்சாவூரை ஆண்ட காலத்தில், அதாவது 1798க்கும் 1832க்கும் இடையில், அரண்மனைக் கணக்கர் ஒருவர் உடுத்தியிருக்கக்கூடிய அங்கர்கா, அதாவது முன்பக்கம் ஒன்றன்மேல் ஒன்றாக மடித்து நாடாவால் முடியும் நீள அங்கி, அவர்களுக்கு வேண்டும். காட்சி நடக்கும் ஆண்டு 1820. சிங்கர் தம் தையல் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றதே 1851இல் என்பதால் ஒரு தையல்கூட இயந்திரத்தில் போடக்கூடாது என்று நானாகவே நிபந்தனை விதித்துக்கொண்டேன். அவர்கள் அப்படி வேண்டும் என்று சொல்லவில்லை. பேசிய கூலி, துணி உட்பட 9,000 ரூபாய்.

ஜூலை 7, திங்கள்

மங்கள்தாஸ் மார்க்கெட்டில் ஆறு மீட்டர் கைத்தறி மல்மல், அதாவது மெல்லிய பருத்தித் துணி, வாங்கினேன். கடைக்காரர் முதலில் எடுத்துப் போட்டது பளீரென்ற வெள்ளை. அந்தப் பளீர் நிறம் இருபதாம் நூற்றாண்டின் வேதிப்பொருளால் வருவது, மேடை விளக்கில் நீலமாக மின்னிக் காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே வெளுக்காத கோராவைக் கேட்டு வாங்கி, சுருங்கட்டும் என்று இரவே ஊறப்போட்டேன்.

ஜூலை 9, புதன்

மழை. துணி இன்னும் காயவில்லை.

ஜூலை 14, திங்கள்

இன்று வெட்டினேன். இக்காலச் சட்டையில் கைக்குழியை வளைத்து வெட்டுகிறோம். அங்கர்காவிலோ பெரும்பாலும் நேர்த்துண்டுகளும், கலி எனப்படும் கீழ்நோக்கி அகலும் துண்டுகளும், அக்குளில் ஒரு சதுரத் துண்டும்தான். அந்தச் சதுரம் இருப்பதால் கையைத் தலைக்கு மேல் தூக்கினாலும் அங்கி மேலேறுவதில்லை. நெய்தவர் உழைப்பு வீணாகாதபடி வெட்டும் முறை இது என்று ஒவ்வொரு முறையும் எனக்குத் தோன்றும். மிஞ்சிய துணி ஒரு கைப்பிடிகூட இல்லை. நூலுக்குத் தேன்மெழுகு தடவி ஓட்டுத் தையலில் தொடங்கினேன்.

ஜூலை 19, சனி

ஆடி பிறந்துவிட்டதால் பிளவுஸ் வேலை குறைவு. பகல் முழுவதும் இதிலேயே அமர்ந்திருந்தேன். மாலையில், முக்கால்வாசி முடிந்த அங்கியை நானே மாட்டிப் பார்த்து நாடாவை முடியப் போனால், முடிச்சு வலக்கைப் பக்கம் விழுகிறது. அக்பர் காலந்தொட்டு முகலாய அவையில் முஸ்லிம்கள் வலப்புறமும் இந்துக்கள் இடப்புறமும் முடிந்தனர். நம் கணக்கர் இந்து என்பதால் இடப்புறம் என்று முதல் நாளே குறித்துவைத்திருந்தேன். ஆனால் காகிதத்தில் வரைந்தபோது, அவர் என் எதிரே நிற்பதாக எண்ணி, என் இடப்புறத்தை அவருடைய இடப்புறமாகக் கொண்டுவிட்டேன். பதினாறு ஆண்டுகளாகத் தைப்பவள் செய்யக்கூடிய பிழையா இது?

ஜூலை 20, ஞாயிறு

இரவு உறக்கம் பிடிக்காமல் கிடந்தபோதுதான் விடை தோன்றியது. வெற்று மல்மலுக்கு உள்பக்கம், வெளிப்பக்கம் என்ற பேதமே கிடையாது. அங்கியை உள்வெளியாகத் திருப்பினால் முடிச்சு தானே இடப்பக்கம் வந்துவிடும். பூ அச்சிட்ட சீட்டித் துணியாக இருந்திருந்தால் புதிதாக வாங்குவதைத் தவிர வேறு வழி இருந்திருக்காது. மடிப்புகள் வெளியே தெரியாதிருக்க, தைத்தவற்றை மட்டும் பிரித்து மறுபக்கம் மடித்துத் தைக்க வேண்டும். கைத்தையல் என்பதால் ஓர் இடத்தில் அறுத்து இழுத்தால் நூல் ஒரு சாணுக்கு உருவிக்கொண்டு வருகிறது, துணியில் தழும்பும் இல்லை. இயந்திரத் தையலாக இருந்தால் மேல்நூலும் அடிநூலும் ஒன்றையொன்று பின்னிக்கொண்டு, பிரிப்பதற்குள் மெல்லிய மல்மல் கிழிந்திருக்கும்.

ஜூலை 26, சனி

தைத்து முடித்தேன். மொத்தம் 60 மணி நேரம். துணிக்கும் நூலுக்கும் போன 1,500ஐக் கழித்தால் மணிக்கு 125 ரூபாய் தேறுகிறது. மூன்று மணி நேரத்தில் முடியும் லைனிங் பிளவுஸுக்கு 700 வாங்குகிறேன். கடை வாடகையைக் கட்டுவது எது என்பதில் எனக்கு மயக்கமில்லை.

ஜூலை 31, வியாழன்

அளவு பார்த்தாயிற்று. இடுப்புக்கச்சை பளிச்சென்ற ஊதாவில் வேண்டும் என்றார் இயக்குநர். அத்தகைய ஊதாவை ஆங்கிலேய வேதியியலாளர் பெர்கின் ஆய்வுக்கூடத்தில் கண்டது 1856இல் என்று சொல்லி, சோழமண்டலக் கரையில் அக்காலத்தில் சாயவேர் தந்த சிவப்புக்கு நெருங்கிய, மஞ்சிட்டி என்ற செடியின் வேரில் கிடைக்கும் சிவப்பைக் காட்டினேன், ஒப்புக்கொண்டார். நாடாவுக்குப் பதில் வெல்க்ரோ வைக்க முடியுமா என்று நடிகர் கேட்டதற்கு மட்டும் முடியாது என்றேன். ஒரு கையால் முடியக் கற்றுக்கொடுத்து அனுப்பியிருக்கிறேன்.

வரலட்சுமி விரதத்துக்கு இன்னும் எட்டு நாள். ஒன்பது பிளவுஸ்கள் வெட்டாமல் கிடக்கின்றன.